குடிமகன் ஆக பரீட்சை எழுதணுமா? அமெரிக்கா 128 கேள்வி வச்சிருக்கு... இந்தியா என்ன கேட்கிறது? முழு விவரம்

முதலில் மூன்று கேள்விகள். கூகுள் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.

தாம்பரம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது? தாம்பரம் மாநகராட்சியில் மொத்தம் எத்தனை வார்டுகள்? தாம்பரத்தில் ஓட்டுப் போடுகிறவர்கள் எந்த மக்களவைத் தொகுதிக்கு எம்.பி.யைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

"சென்னை மாவட்டம்", "தென்சென்னை தொகுதி" என்று சொல்லியிருந்தால் இரண்டும் தவறு. சரியான பதில்: செங்கல்பட்டு மாவட்டம், 70 வார்டுகள், ஸ்ரீபெரும்புதூர் மக்களவைத் தொகுதி.

தவறாகச் சொன்னதால் உங்களுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. உங்கள் குடியுரிமையை யாரும் பறிக்க மாட்டார்கள். ஆனால் இதே மாதிரி கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னால்தான் குடிமகன் என்று ஏற்கும் நாடுகள் பல உண்டு. குரோம்பேட்டை, சேலையூர், மடிப்பாக்கம் பக்கம் எந்தத் தெருவிலும் பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடு ஒன்றாவது இருக்கும். அந்தப் பிள்ளைகளில் பலர் இந்தப் பரீட்சையை எழுதியவர்கள், அல்லது எழுதப் போகிறவர்கள்.

இன்னொரு பக்கம், இதே தமிழ்நாட்டில் பிறந்து, இங்கேயே படித்து, எல்லாக் கேள்விக்கும் பதில் தெரிந்தும் குடியுரிமை கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத ஒரு பரீட்சைகூட இல்லை.

குடியுரிமைத் தேர்வு என்றால் என்ன? எந்த நாட்டில் எப்படி? இந்தியாவில் என்ன விதி? விரிவாகப் பார்க்கலாம்.

சுருக்கமாக:

• அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆகிய நாடுகளில் குடியுரிமைக்குப் பொது அறிவுத் தேர்வு உண்டு.
• இந்தியாவில் எழுத்துத் தேர்வு கிடையாது. தங்கியிருந்த காலம், நன்னடத்தை, ஒரு இந்திய மொழி அறிவு ஆகியவைதான் நிபந்தனை. தமிழ் தெரிந்தாலே மொழி நிபந்தனை நிறைவேறும்.
• இந்திய மண்ணில் பிறந்ததாலேயே எல்லோரும் இந்தியக் குடிமக்கள் ஆகிவிட முடியாது. பிறந்த தேதியைப் பொறுத்து விதி மாறும்.
• இலங்கைத் தமிழ் அகதிகளுக்குத் தடையாக இருப்பது 'சட்டவிரோதக் குடியேறி' என்ற ஒரு சொல்.

எந்த நாட்டில் என்ன தேர்வு?

அமெரிக்கா: குடியுரிமை அதிகாரி நேரில் உட்கார வைத்து வாய்மொழியாகக் கேட்பார். 2025 அக்டோபர் 20 அன்றோ அதற்குப் பிறகோ விண்ணப்பித்தவர்களுக்குப் புதிய முறை. 128 கேள்விகள் கொண்ட பட்டியலில் இருந்து 20 வரை கேட்கப்படும். 12 சரியாக இருக்க வேண்டும். அதற்கு முன்பு இருந்த முறையில் 100 கேள்விகளில் இருந்து 10 கேட்பார்கள். 6 சரியாகச் சொன்னால் பாஸ். இதோடு ஆங்கிலம் பேச, படிக்க, எழுதத் தெரிகிறதா என்றும் பார்ப்பார்கள். முதல் முறை தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு.

பிரிட்டன்: 'லைஃப் இன் தி யுகே' என்று பெயர். கணினியில் 24 கேள்விகள், 45 நிமிடம். 18 சரியாக இருக்க வேண்டும். 2005 முதல் நடக்கிறது.

கனடா: 18 முதல் 54 வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும். 20 கேள்விகளில் 15 சரியாக இருக்க வேண்டும். அரசே வெளியிடும் 'டிஸ்கவர் கனடா' என்ற கையேட்டில் இருந்துதான் கேள்விகள் வரும்.

ஆஸ்திரேலியா: 20 கேள்விகள், 75 சதவீதம் எடுக்க வேண்டும். இங்கே ஒரு ட்விஸ்ட் உண்டு. 2020 நவம்பரில் இருந்து, 20-ல் 5 கேள்விகள் பேச்சுரிமை, ஆண்-பெண் சமத்துவம் போன்ற ஆஸ்திரேலிய விழுமியங்கள் பற்றியவை. அந்த 5-ல் ஒன்று தப்பினாலும் ஃபெயில், மற்ற 15-ம் சரியாக இருந்தாலும்கூட.

ஜெர்மனி: 33 கேள்விகளில் 17 சரியாக இருந்தால் போதும். அதில் 3 கேள்விகள் நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பற்றியவை.

சிங்கப்பூர்: பாஸ், ஃபெயில் என்ற பரீட்சை இல்லை. விண்ணப்பம் கொள்கையளவில் ஏற்கப்பட்டவர்கள் இணையவழிப் பாடம், வரலாற்று இடங்களைச் சுற்றிப் பார்ப்பது, உள்ளூர்வாசிகளைச் சந்திப்பது என்று ஒரு பயணத்தை முடிக்க வேண்டும்.

மலேசியா: மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பது அரசியலமைப்பிலேயே உள்ள நிபந்தனை. பல தலைமுறையாகத் தோட்டங்களில் வாழ்ந்தும் ஆவணம் இல்லாமல் போன தமிழ்க் குடும்பங்களில், தமிழ் மட்டுமே தெரிந்த முதியவர்களுக்கு இந்த மொழி நிபந்தனை பெரிய சிக்கலாக இருந்திருக்கிறது.

வயதான அப்பா, அம்மாவுக்கு தமிழில் தேர்வு உண்டா?

பிள்ளைகள் மூலம் கிரீன் கார்டு வாங்கி அமெரிக்கா போன பெற்றோர் அதிகம் கேட்கும் கேள்வி இது. உண்டு, ஆனால் எல்லோருக்கும் இல்லை.

விண்ணப்பிக்கும்போது 50 வயது தாண்டி, கிரீன் கார்டுடன் 20 ஆண்டுகள் அங்கே வசித்திருந்தால் ஆங்கிலத் தேர்வு கிடையாது. 55 வயது தாண்டி 15 ஆண்டுகள் வசித்திருந்தாலும் கிடையாது. இவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தமிழிலேயே பதில் சொல்லலாம். 65 வயது தாண்டி 20 ஆண்டுகள் வசித்தவர்களுக்கு இன்னும் எளிது: 20 கேள்விகள் மட்டுமே கொண்ட தனிப் பட்டியல், அதில் 10 கேட்பார்கள், 6 சரியாக இருந்தால் போதும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓய்வு பெற்று 60 வயதில் கிரீன் கார்டுடன் போகிற ஒருவர் தமிழில் பதில் சொல்ல வேண்டுமென்றால் 75 வயது வரை காத்திருக்க வேண்டும். அதற்கு முன்பே விண்ணப்பித்தால் ஆங்கிலம் கட்டாயம். மருத்துவக் காரணத்துக்காகத் தனி விலக்கு கேட்கலாம். அதற்கு மருத்துவர் சான்று தேவை.

இன்னொரு விஷயத்தையும் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி வாங்கிய அந்த நொடியிலேயே இந்தியக் குடியுரிமை போய்விடும். பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு வாங்கும் ஓசிஐ அட்டை ஆயுட்கால விசா மாதிரிதான். ஓட்டுப் போட முடியாது, தேர்தலில் நிற்க முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது.

அந்த நாட்டுக்காரர்களே பாஸ் ஆவார்களா?

இதுதான் எல்லோருக்கும் வரும் சந்தேகம். அமெரிக்காவில் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள்.

2018-ல் உட்ரோ வில்சன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு 1,000 அமெரிக்கர்களிடம் குடியுரிமைத் தேர்வுக் கேள்விகளைக் கொடுத்தது. மூன்றில் ஒருவர்தான், அதாவது 36 சதவீதம் பேர்தான், தேறினார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் அன்னென்பர்க் மையம் ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வில், அரசாங்கத்தின் மூன்று கிளைகளையும் சொல்லத் தெரிந்தவர்கள் 2022-ல் 47 சதவீதம்தான்.

ஆனால் உண்மையான விண்ணப்பதாரர்களில் மிகப் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். காரணம் எளிது. அவர்கள் மாதக்கணக்கில் படித்துவிட்டு வருகிறார்கள். அங்கேயே பிறந்தவர்களுக்குப் படிக்க வேண்டிய அவசியமே வந்ததில்லை.

பிரிட்டன் தேர்வு மீது வேறு விதமான விமர்சனம். அன்றாட வாழ்க்கைக்கு உதவாத வரலாற்றுத் துணுக்குகளைக் கேட்கிறார்கள் என்று அந்நாட்டு நாடாளுமன்றத்தின் மேலவைக் குழுவே 2022-ல் சாடியது.

நம்ம ஊரில் நிலைமை என்ன?

இந்தியாவில் குடியுரிமைத் தேர்வு இல்லாததால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. கல்வித் தரத்தை ஆராயும் 'அசர்' ஆய்வு 2017-ல் 24 மாநிலங்களின் 28 மாவட்டங்களில், கிராமப்புறத்தில் இருக்கும் 14 முதல் 18 வயது இளைஞர்களிடம் இந்திய வரைபடத்தைக் காட்டி நான்கு கேள்விகள் கேட்டது.

• இது எந்த நாட்டின் வரைபடம்? சரியாகச் சொன்னவர்கள் 86 சதவீதம்.
• இந்த நாட்டின் தலைநகர் எது? 64 சதவீதம்.
• நீங்கள் எந்த மாநிலத்தில் வசிக்கிறீர்கள்? 79 சதவீதம்.
• உங்கள் மாநிலத்தை வரைபடத்தில் காட்டுங்கள். 42 சதவீதம்.

பாதிக்கும் மேற்பட்டவர்களால் தங்கள் மாநிலம் எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இது கிராமப்புறக் கணக்குத்தானே என்று நகரத்தில் இருக்கிற நாம் சிரித்துவிட முடியாது. தாம்பரத்துக்கே திரும்ப வருவோம்.

தாம்பரத்துக்காரர்களுக்கு ஏன் இவ்வளவு குழப்பம்?

பாதி தவறு நம்முடையது இல்லை. கடந்த 20 ஆண்டுகளில் இந்தப் பகுதியின் முகவரி அத்தனை முறை மாறிவிட்டது.

• தொகுதி மறுசீரமைப்புக்கு முன்பு வரை தாம்பரம் சட்டமன்றத் தொகுதி தென்சென்னை மக்களவைத் தொகுதிக்குள் இருந்தது. 2009 தேர்தலில் இருந்து ஸ்ரீபெரும்புதூர். பல்லாவரமும் ஆலந்தூரும் அதே ஸ்ரீபெரும்புதூரில்தான் வருகின்றன. ஆனால் பக்கத்தில் இருக்கும் வேளச்சேரியும் சோழிங்கநல்லூரும் தென்சென்னை.
• பல்லாவரம், சோழிங்கநல்லூர் என்ற சட்டமன்றத் தொகுதிகளே அந்த மறுசீரமைப்பில்தான் உருவாயின. 2011-ல்தான் அவற்றுக்கு முதல் சட்டமன்றத் தேர்தல்.
• 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரம் மாவட்டத்தைப் பிரித்து செங்கல்பட்டு மாவட்டம் உருவானது. தாம்பரம் அதற்குள் போனது.
• 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் ஆகிய 5 நகராட்சிகளும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை ஆகிய 5 பேரூராட்சிகளும் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனது.
• 2022 ஜனவரி 1 முதல் தாம்பரத்துக்குத் தனி காவல் ஆணையரகம்.

ஆக, சிட்லபாக்கத்தில் ஒரே வீட்டில் 20 வருஷமாகக் குடியிருக்கிற ஒருவருக்கு, வீடு மாறாமலேயே மாவட்டம் மாறியிருக்கிறது, உள்ளாட்சி மாறியிருக்கிறது, எம்.பி. தொகுதி மாறியிருக்கிறது.

இது வெறும் குவிஸ் கேள்வி இல்லை. 2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியல் சிறப்பு தீவிர திருத்தம், அதாவது எஸ்.ஐ.ஆர். தொடங்கியபோது இது நேரடிப் பிரச்னையாகவே வந்தது. 2002, 2005-ல் நடந்த பழைய தீவிர திருத்தப் பட்டியலில் உங்கள் பெயரோ, பெற்றோர் பெயரோ எந்தத் தொகுதியில், எந்த பாகத்தில் இருந்தது என்று படிவத்தில் கேட்டார்கள். அப்போது பல்லாவரம் என்ற தொகுதியே இல்லை. பழைய பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்? ஊரின் வரலாறு தெரிந்தவர்களுக்கு வேலை சுலபமாக முடிந்தது.

இந்தியக் குடியுரிமைக்கு என்ன நிபந்தனை?

1955-ம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் ஐந்து வழிகளைச் சொல்கிறது: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, ஒரு நிலப்பகுதி இந்தியாவோடு இணைவது.

வெளிநாட்டவர் ஒருவர் இயல்புரிமை வழியில் குடிமகனாக வேண்டுமென்றால் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையைப் பார்க்க வேண்டும். முக்கிய நிபந்தனைகள்:

• விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாக இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகள் இருந்திருக்க வேண்டும்.
• நன்னடத்தை உள்ளவராக இருக்க வேண்டும்.
• அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள ஒரு மொழியில் போதுமான அறிவு வேண்டும்.
• இந்தியாவில் தொடர்ந்து வாழும் எண்ணம் வேண்டும்.

எட்டாவது அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. தமிழ் அதில் ஒன்று. இந்தி தெரிந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொரு சுவாரசியம், ஆங்கிலம் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை. அதாவது ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இந்த நிபந்தனை நிறைவேறாது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு நிறைவேறும்.

அறிவியல், கலை, இலக்கியம், உலக அமைதி போன்றவற்றில் சிறந்த சேவை செய்தவர்களுக்கு இந்த நிபந்தனைகளை மத்திய அரசு தளர்த்தலாம்.

கடைசியில் அரசியலமைப்புக்கு உண்மையாக இருப்பதாக ஓர் உறுதிமொழி. அவ்வளவுதான். முதல் பிரதமர் யார், தேசிய கீதம் எழுதியவர் யார் என்று கேட்கும் பரீட்சை எதுவும் சட்டத்தில் இல்லை.

இந்தியாவில் பிறந்தாலே இந்தியர்தானே?

இங்கேதான் பலர் தவறாகப் புரிந்து வைத்திருக்கிறார்கள். பிறந்த தேதியைப் பொறுத்து மூன்று விதிகள் உண்டு.

• 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர்: பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும் இவர் இந்தியக் குடிமகன். தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் போன்ற ஒரு சில விதிவிலக்குகள் மட்டும் உண்டு.
• 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவர்: பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும்.
• 2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவர்: பெற்றோர் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியராகவும், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும்.

இந்தத் தேதிகள் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஓர் உதாரணத்தில் பார்க்கலாம். இலங்கையில் 1983 ஜூலை கலவரத்துக்குப் பிறகு அகதிகளாக வந்த ஒரு தம்பதிக்கு, இங்கே ஒரு முகாமில் 1987 ஜூன் 30 இரவு 11 மணிக்கு ஒரு குழந்தை பிறக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இந்தியக் குடிமகன். பக்கத்து வீட்டில் இன்னொரு அகதித் தம்பதிக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஒரு குழந்தை பிறக்கிறது. அது இந்தியக் குடிமகன் இல்லை. இரண்டும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படிக்கும். ஒரே சமூக அறிவியல் புத்தகத்தில் 'நமது அரசியலமைப்பு' பாடத்தை மனப்பாடம் செய்யும். ஒரு குழந்தைக்கு மட்டும் 18 வயதில் ஓட்டு உண்டு.

முகாமில் பிறந்தவர் ஓட்டுப் போட்டது எப்படி?

இது கற்பனை உதாரணம் மட்டும் இல்லை. மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண், பிற்காலத்தில் திருச்சி கொட்டப்பட்டு முகாமில் வசித்து வந்தவர், இந்திய பாஸ்போர்ட் கேட்டு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போனார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்ததால் அவர் பிறப்பாலேயே இந்தியக் குடிமகள் என்று சொல்லி, பாஸ்போர்ட் வழங்கும்படி 2022 ஆகஸ்டில் நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதன் பிறகு வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்ந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று நடந்த மக்களவைத் தேர்தலில் அவர் முதல் முறையாக ஓட்டுப் போட்டார். அப்போது அவருக்கு வயது 38. சட்டப்படி அவர் பிறந்த நாளில் இருந்தே இந்தியர்தான். அது தெரிய வந்து, நிரூபிக்கப்பட அத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மற்ற அகதிகளின் நிலை என்ன?

2021-ல் சட்டமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி, தமிழ்நாட்டில் 100-க்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58 ஆயிரம் இலங்கைத் தமிழர்கள் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு வாழ்பவர்கள் 30 ஆயிரத்துக்கும் மேல். அதே ஆண்டு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று தமிழ்நாடு அரசு மாற்றியது. பெயர் மாறியதே தவிர குடியுரிமை நிலை மாறவில்லை. அது மத்திய அரசின் கையில் இருக்கிறது.

11 ஆண்டுகள் என்ன, 40 ஆண்டுகளாகவே இங்கே இருப்பவர்கள் இவர்களில் உண்டு. தாய்மொழி தமிழ். அப்படியானால் இயல்புரிமை வழியில் விண்ணப்பிக்கலாமே? முடியாது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தவர்கள் 'சட்டவிரோதக் குடியேறிகள்' என்று 2003-ல் கொண்டு வந்த திருத்தம் சொல்கிறது. அவர்கள் பதிவு வழியிலும் இயல்புரிமை வழியிலும் குடியுரிமை கேட்க முடியாது. போரில் இருந்து தப்பித்துப் படகேறி வந்தவர்களிடம் பாஸ்போர்ட் எங்கே இருக்கும்?

2019-ம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம், அதாவது சிஏஏ, இந்தத் தடையைச் சிலருக்கு நீக்கியது. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளில் இருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கியர், பௌத்தர், சமணர், பார்சி, கிறிஸ்தவர்களுக்கு அது பொருந்தும். அவர்களுக்குத் தங்கியிருக்க வேண்டிய காலமும் 11 ஆண்டில் இருந்து 5 ஆண்டாகக் குறைந்தது. 2024 மார்ச்சில் வந்த விதிகளின்படி, ஒரு இந்திய மொழியைப் பேசவோ, படிக்கவோ, எழுதவோ தெரிந்தாலே மொழி நிபந்தனைக்குப் போதும்.

அந்தப் பட்டியலில் இலங்கை இல்லை. முஸ்லிம்களும் இல்லை. இந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரி 2021 செப்டம்பர் 8 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

2025 செப்டம்பரில் மத்திய உள்துறை அமைச்சகம் ஒரு சலுகை தந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்கள் மீது பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காகத் தண்டனை நடவடிக்கை பாயாது. இது நிம்மதிதான். ஆனால் குடியுரிமை அல்ல.

இவர்களில் ஒரு பகுதியினரின் கதை இன்னும் பழையது. ஆங்கிலேயர் காலத்தில் தமிழ்நாட்டில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்குப் போன மலையகத் தமிழர்களை, சுதந்திர இலங்கை 1948 குடியுரிமைச் சட்டத்தின் மூலம் நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மீதமிருந்த 1,50,000 பேரை 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்த மக்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் எண்ணிக்கை மட்டும் பேசி முடித்த குடியுரிமை அது. ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்தது. அதே மலையக வம்சாவளியில், பிறகு கலவரத்துக்குப் பயந்து படகில் வந்தவர்கள் அகதிகள் ஆனார்கள்.

தேர்வு வைத்தால் நியாயமாக இருக்குமா?

"அப்படியானால் இந்தியாவும் ஒரு பரீட்சை வைத்துவிடலாமே" என்று தோன்றலாம். ஆதரிப்பவர்கள் சொல்வது: ஒரு நாட்டின் சட்டம், உரிமை, கடமை தெரிந்து உள்ளே வருவது நல்லது. எல்லோருக்கும் ஒரே அளவுகோல். அதிகாரியின் மனம்போக்குக்கு இடம் குறைவு.

எதிர்ப்பவர்கள் வரலாற்றைக் காட்டுகிறார்கள். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் 1897-ல், உள்ளே வருபவர் ஐரோப்பிய மொழி ஒன்றில் விண்ணப்பம் எழுத வேண்டும் என்று சட்டம் வந்தது. பெயருக்கு அது மொழித் தேர்வு. குறி வைத்தது இந்தியர்களை. காந்தி அங்கே இருந்த காலம் அது. அதே வழியில் ஆஸ்திரேலியா 1901-ல் சொல்லெழுத்துத் தேர்வு கொண்டு வந்தது. அதிகாரி சொல்லும் 50 வார்த்தையைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எந்த மொழியில் என்பதை முடிவு செய்வது அதிகாரி. 1934-ல் எகான் கிஷ் என்ற எழுத்தாளருக்குப் பல ஐரோப்பிய மொழிகள் தெரியும் என்பதால், ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் தேர்வு வைத்துத் தோற்கடித்தார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்தத் தேர்வு முறை ஒழிய 1958 ஆனது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்களை ஓட்டுப் போட விடாமல் தடுக்க எழுத்தறிவுத் தேர்வு பயன்பட்டது. 1965-ம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம்தான் அதற்கு முடிவு கட்டியது.

சுதந்திர இந்தியா இந்த விஷயத்தில் துணிச்சலான முடிவு எடுத்தது. 1951 கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் சுமார் 18 சதவீதம்தான். ஆனாலும் 1951-52 முதல் பொதுத்தேர்தலில் படிப்பு, சொத்து எதுவும் பார்க்காமல் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு கொடுத்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகச் சின்னம் வைத்தது. "தெரிந்தால்தான் குடிமகன்" என்பதைவிட "குடிமகனானால் தெரிந்துகொள்வான்" என்று நம்பிய முடிவு அது.

நீங்கள் இப்போது செய்ய வேண்டியது என்ன?

இந்தியாவில் குடியுரிமை விஷயத்தில் அறிவைவிட ஆவணம்தான் பேசுகிறது. அதனால் இவற்றைக் கவனியுங்கள்:

• ஆதார் குடியுரிமைச் சான்று அல்ல. ஆதார் சட்டமே அப்படிச் சொல்கிறது. 
• 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் மட்டுமே ஆதாரம். பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை இதைத்தான் கேட்பார்கள். பிறந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்துவிடுங்கள்.
• வெளிநாட்டில் பிறக்கும் குழந்தைக்கு வம்சாவளி வழியில் இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால், ஒரு ஆண்டுக்குள் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிவு செய்ய வேண்டும். தாமதமானால் மத்திய அரசின் அனுமதி தேவைப்படும்.
• வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்கள் இந்திய பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு பயணம் செய்யக் கூடாது. வாக்காளர் பட்டியலிலும் பெயர் இருக்கக் கூடாது.
• உங்கள் தொகுதி, பாகம் எண், வார்டு எண் மூன்றையும் ஒரு முறை சரிபார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பாஸா? 7 கேள்வி டெஸ்ட்

1. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள் எது?
2. தமிழ்நாட்டில் இருந்து மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் எத்தனை எம்.பி.க்கள்?
3. ஓட்டுப் போடும் வயது 21-ல் இருந்து 18 ஆனது எந்தத் திருத்தத்தால்?
4. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுப்பது யார்?
5. அடிப்படைக் கடமைகள் எத்தனை?
6. சோழிங்கநல்லூர் எந்த மக்களவைத் தொகுதி?
7. உங்கள் வார்டு கவுன்சிலர் பெயர் என்ன?

விடைகள்: 1) 1950 ஜனவரி 26. 2) மக்களவைக்கு 39, மாநிலங்களவைக்கு 18. 3) 61-வது திருத்தம். 4) நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும், மாநில சட்டமன்றங்களிலும், டெல்லி, புதுச்சேரி சட்டமன்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு இல்லை. 5) 11. 1976-ல் 10 சேர்ந்தன, 2002-ல் கல்வி பற்றிய பதினொன்றாவது கடமை சேர்ந்தது. 6) தென்சென்னை. 7) இதற்கு விடை எங்களிடம் இல்லை. தெருவில் குப்பை வண்டி வரவில்லை என்றால் முதலில் தேவைப்படும் பெயர் அது. தெரியவில்லை என்றால் இன்றைக்கே பக்கத்து வீட்டில் விசாரித்துவிடுங்கள்.